கரிசக்காட்டுல நின்னு பாத்த கட்டபொம்மன்

எங்க திருநெல்வேலி பக்கம் வீரபாண்டிய கட்டபொம்மன் படத்த கண்ணால பாத்தவங்களவிட காதால கேட்டவங்கதான் ஜாஸ்தி. கோயில் கொடை வந்துட்டா மைக் செட்காரர் வேப்பமரத்துல குழாய கட்டிருவாரு, காலையில சாமி பாட்டு, மத்தியானம் ஊரே சாப்ட்டு திண்ணையில சாயுற நேரத்துல ஒலிச்சித்திரம், அது பெரும்பாலும் கட்டபொம்மனாத்தான் இருக்கும், சிவாஜி குரல் பனங்காடு தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேக்கும். பிள்ளைங்களுக்கு படம் பாக்கறதுக்கு முன்னாடியே வசனம் முழுக்க மனப்பாடம் ஆயிருக்கும். ஸ்கூல் ஆண்டுவிழான்னா கண் மையில மீசை வரைஞ்சு, அம்மாவோட பட்டுச்சேலையில தலைப்பாகை கட்டி ஒருத்தன் கட்டபொம்மனா நிப்பான், பேண்ட் சட்டை போட்டு இன்னொருத்தன் ஜாக்சன் துரை. ஜாக்சனா நிக்க மட்டும் எவனும் லேசுல ஒத்துக்கிட மாட்டான்.

இந்த படத்துக்குத்தான் 1960-ல கெய்ரோவுல நடந்த ஆப்பிரிக்க ஆசிய படவிழாவுல சிவாஜிக்கு சிறந்த நடிகர் விருதும் ஜி.ராமநாதனுக்கு சிறந்த இசைக்கான விருதும் கெடைச்சுது. தமிழ் நடிகர் ஒருத்தர் வெளிநாட்டு படவிழாவுல சிறந்த நடிகர்னு நின்னது அதான் முதல் தடவை. நம்ம நாட்டுக்குள்ளயும் தேசிய விருதுல நற்சான்றிதழ் வாங்கிச்சு. கெய்ரோவுல உக்காந்து பாத்தவங்களுக்கு தமிழ் தெரிஞ்சிருக்க வழியில்ல, அவங்க அந்த நடையையும் கண்ணையும் பாத்து குடுத்தாங்க, நாம குரல கேட்டு குடுத்தோம், ரெண்டு பக்கமும் ஒரே ஆளுக்கு போய் சேந்துச்சுங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

நான் சொல்ல வர்றது விருதப் பத்தி மட்டும் இல்ல. இந்த படத்த சரித்திரம்னு நெனச்சு பாக்கறவங்க ஒரு கூட்டம், இதெல்லாம் சரித்திரமே இல்லன்னு சண்டை போடறவங்க இன்னொரு கூட்டம். தமிழ்வாணன் கட்டபொம்மன கொள்ளைக்காரன்னே எழுதுனாரு, ம.பொ.சி. அவர விடுதலை வீரர்னு நாடு பூரா கொண்டு போய் சேத்தாரு, இந்த படத்துக்கும் சரித்திர விஷயத்துல அவர்தான் துணை. அந்த சண்டை இன்னும் ஓயல. என்ன கேட்டா இது ஒரு கதைப்பாடல். எங்க பக்கம் வில்லுப்பாட்டுலயும் கூத்துலயும் எப்படி செத்துப்போன வீரன பாடிப்பாடி சாமி ஆக்குவாங்களோ அதே வேலைய சினிமா செஞ்சிருக்கு, அப்படி எடுத்துக்கிட்டா படத்தோட பெருமையும் தெரியும், அது எத விட்டுட்டு போச்சுங்கறதும் தெரியும்.

ஏன் கதைப்பாடல்னு சொல்லுதேன்னா படம் பொறந்ததே கூத்துலதான். கட்டபொம்மன் தூக்குல தொங்கினதுக்கு அப்புறம் வெள்ளக்காரன் பாஞ்சாலங்குறிச்சி கோட்டைய இடிச்சு உழுது ஊரையே இல்லாம ஆக்க பாத்தான், ஆனா சனங்க வாயில இருந்து அவன் பேர எடுக்க முடியல. கட்டபொம்மு கதைப்பாட்டு ஏட்டுலயும் வாய்லயும் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பிற்பாடு நாங்குநேரி நா.வானமாமலை அத தேடி எடுத்து பதிப்பிச்சாரு. கம்பளத்து நாயக்கமார் ஊருக்கு ஊர் கட்டபொம்மன் கூத்து ஆடுனாங்க. அப்படி ஒரு கூத்த ஏழு வயசு பையனா பாத்துட்டுத்தான் சிவாஜி வீட்ட விட்டு நாடகக் கம்பெனிக்கு ஓடுனதா அவரே சொல்லிருக்காரு. யோசிச்சு பாருங்க, நம்ம கரிசக்காட்டு கதை ஒண்ணு திருச்சி பக்கம் ஒரு சின்னப்பையன் காதுல விழுந்து, அவன் பெரிய நடிகனாகி, 1957-ல சக்தி டி.கே.கிருஷ்ணசாமிய எழுத வச்சு சேலத்துல நாடகமா போட்டு, ஊர் ஊரா அந்த நாடகத்த கொண்டு போய், அப்புறம் பி.ஆர்.பந்துலு அத படமா எடுத்து, கேவா கலர்ல சுட்டு லண்டன்ல டெக்னிகலர் பிரிண்ட் போட்டு, 1959 மே மாசம் லண்டன்லயே முதல்ல காட்டி, அதுக்கப்புறம் ஒலிச்சித்திரமா திரும்ப எங்க ஊர் வேப்பமரத்துல வந்து உக்காந்துச்சு. போன பாட்டு வீட்டுக்கு திரும்பி வந்துருச்சு, அவ்வளவுதான்.

நாடகத்துல இருந்து வந்த படம்ங்கறது பாத்தாலே தெரியும். நிறைய சீன்ல கேமரா ஒரு இடத்துல நிக்குது, ஆளுங்க வரிசையா நின்னு பேசுறாங்க, சிவாஜி ஒவ்வொரு வரியையும் கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கு கேக்கணும்னு பேசுறாரு. இன்னிக்கு பசங்க இத ஓவர் ஆக்டிங்னு சொல்லுறாங்க. கூத்துல ராஜா வேஷம் கட்டுனவன் மெதுவா பேசுனா எவன் கேப்பான்? பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா சித்திரை கடைசி வெள்ளிக்கு நடக்கும், சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து இளவட்டங்க ஜோதி ஏத்தி தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க, தேவராட்டம் ஆடுவாங்க. அந்த உறுமிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு தடவ நின்னு பாத்துட்டு வந்து இந்த படத்த பாருங்க, சிவாஜி குரல் அளவு சரிதான்னு தோணும்.

இப்ப அந்த ஜாக்சன் சீனுக்கு வாரேன். யாரைக் கேட்கிறாய் வரின்னு ஆரம்பிச்சு, வானம் பொழிகிறது பூமி விளைகிறதுன்னு போயி, வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயான்னு கேப்பாருல்லா, அந்த வசனத்துக்கு கை தட்டாத தமிழன் கெடையாது. சி.ஆர்.பார்த்திபன் ஜாக்சனா எதிர்ல நிப்பாரு, அவரு அந்த வெள்ளக்கார தமிழ்ல அப்படி மெல்லிசா பேசலைன்னா இந்த பக்கத்து இடி இவ்வளவு சத்தமா கேட்டிருக்காதுங்கறது என் அபிப்பிராயம், அவர யாரும் பாராட்டி நான் கேட்டதில்ல.

ஆனா எங்க ஊர் சம்சாரி, அதான் விவசாயி, யார கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க. நாத்து நடுறது தாமிரபரணி பாசனம் இருக்குற சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பக்கம் உள்ள சோலி. பாஞ்சாலங்குறிச்சி கரிச பூமி. மானாவாரி. புரட்டாசி ஐப்பசியில ஒரு மழை விழுந்தா வெதைக்கணும், பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, இப்ப மக்காச்சோளமும் வத்தலும், கம்மா இருக்குற ஊர்ல மட்டும் கொஞ்சம் நெல்லு. மழை பொய்ச்சா ஒண்ணும் கெடையாது. அதனாலதான் எனக்கு அந்த வசனத்துல வானம் பொழிகிறதுங்கற முதல் வரிதான் பெரிய வரியா படுது. ஆத்து தண்ணி கெடையாது, அணை கெடையாது, வானத்த நம்பி வெதச்சவன்கிட்ட வந்து கும்பினிக்காரன், அதான் கிழக்கிந்திய கம்பெனிக்காரன், பாக்கி எவ்வளவுன்னு கணக்கு கேட்டா என்ன கோவம் வரும்ங்கறது கரிசல்ல வெதச்சு பாத்தவனுக்குத்தான் முழுசா தெரியும். சக்தி கிருஷ்ணசாமி தமிழ்நாடு முழுக்க உள்ளவங்களுக்கு எழுதுனாரு, அதனால நாத்தும் மஞ்சளும் உள்ள வந்துருச்சு, அதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா பாஞ்சாலங்குறிச்சிக்காரன் பேசுற மாதிரி இருந்தா அந்த வசனத்துல கம்பும் பருத்தியும் இருந்திருக்கும்.

நெசத்துல நடந்தது இன்னும் கொடுமை. 1798-ல ஜாக்சன் கலெக்டர் கட்டபொம்மன கூப்பிட்டு விட்டுட்டு இருக்குற எடத்துல இருக்கல. குத்தாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர்னு ஒவ்வொரு ஊரா நகந்துக்கிட்டே போனாரு, இவரும் பரிவாரத்தோட பின்னாடியே போனாரு, எங்கயும் பேட்டி குடுக்கல. கடைசியில செப்டம்பர் மாசம் ராமநாதபுரத்துலதான் பாக்க முடிஞ்சுது. அங்க கைகலப்பு ஆயி கிளார்க்ங்கற அதிகாரி செத்தான், கட்டபொம்மனோட தானாபதி, மந்திரி மாதிரி, சுப்பிரமணிய பிள்ளைய புடிச்சு வச்சுக்கிட்டாங்க. அப்புறம் விசாரணையில கம்பெனியே ஜாக்சன் மேல தப்புன்னு அவர எடுத்துட்டு லூஷிங்டன போட்டுச்சு. இவ்வளவு நாள் அலைய விட்டதுக்கு அப்புறம் ஒரு மனுசன் பேசுற பேச்சுங்கறத மனசுல வச்சிட்டு சீன பாத்தா, சிவாஜி மூச்சு வாங்குற எடமெல்லாம் வேற மாதிரி தெரியும்.

பாட்டு பத்தி சொல்லாம போனா ஜி.ராமநாதனுக்கு துரோகம் பண்ணுன மாதிரி ஆயிரும். கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதுன இன்பம் பொங்கும் வெண்ணிலா, பி.பி.ஸ்ரீனிவாசும் சுசீலாவும் பாடுனது, இன்னிக்கும் ராத்திரி பஸ்ல டிரைவர் போட்டா யாரும் மாத்த சொல்ல மாட்டாங்க. எஸ்.வரலட்சுமி கட்டபொம்மன் பொண்டாட்டி ஜக்கம்மாவா நடிச்சு தானே பாடுன சிங்காரக் கண்ணே எனக்கு அதவிட புடிக்கும், நடிக்கறவங்களே பாடுறதுல ஒரு நெசம் இருக்கு. போகாதே போகாதே என் கணவா பாட்ட எங்க பக்கம் கல்யாண வீட்டுல போட மாட்டாங்க, அபசகுனம்னு சொல்லுவாங்க. வெள்ளையத்தேவனா ஜெமினி, வெள்ளையம்மாளா பத்மினி, மாட்ட அடக்குறது, காதல், அப்புறம் போருக்கு போறது, அந்த பகுதியில சரித்திரத்தவிட கதைதான் ஜாஸ்தி, ஆனாலும் அழுவாச்சி வந்துரும். அந்த வேஷத்துக்கு முதல்ல எஸ்.எஸ்.ராஜேந்திரனத்தான் கேட்டாங்க, அவரு கண்ணதாசன் எடுத்த சிவகங்கைச் சீமையில இருந்தாரு, ரெண்டு படமும் அதே மே மாசத்துல வந்து மோதுச்சு. அந்த படத்த பத்தி கடைசியில ஒரு வார்த்தை சொல்லணும்.

எனக்கு மனசு ஒட்டாத எடம் கோட்டை. போர் காட்சியெல்லாம் ஜெய்ப்பூர்ல எடுத்தாங்க, குதிரையும் கூட்டமும் பிரமாதம்தான், அந்த காலத்துல தமிழ்ப்படத்துல அப்படி ஒரு பிரம்மாண்டம் வந்ததே இல்ல. ஆனா பாஞ்சாலங்குறிச்சி கோட்டை மண் கோட்டை. கரிச மண்ண கொழைச்சு கட்டுனது, சுத்தி முள்வேலி. பீரங்கி குண்டு பட்டா கல்லு செதறும், மண்ணு குண்ட முழுங்கிரும், அத வெள்ளக்கார அதிகாரிங்களே திகைச்சு போய் எழுதி வச்சிருக்காங்க. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி பானர்மேன்ங்கற வெள்ளக்கார தளபதி வந்து கோட்டை வாசல்ல மோதி முதல் நாளே பல அதிகாரிங்கள பறி குடுத்தான், அவங்க கல்லறை அந்த பக்கம் இன்னும் இருக்கு, வேலிக்கருவை மண்டிப்போய். இப்ப நாம பாக்குற பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டை 1974-ல அரசாங்கம் கட்டுனது. அதையும் ராஜஸ்தான் அரண்மனையையும் பாத்து வளந்த நமக்கு அந்த மண் சுவரோட மகிமை தெரியாம போச்சு. ஒரு சாதாரண மண் சுவத்துக்கு பின்னாடி நின்னுக்கிட்டு கும்பினிய எதுத்தாங்கங்கறதுதான பெரிய விஷயம்.

இன்னொண்ணு எட்டயபுரம். வி.கே.ராமசாமி எட்டப்பனா நடிச்சது நல்ல நடிப்பு, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த படத்துக்கு அப்புறம் ஒரு ஊரே பழி சுமந்துச்சு. கூட படிச்ச எட்டயபுரத்து பையன் ஒருத்தன் இருந்தான், எந்த ஊருல ஏலன்னு யாராச்சும் கேட்டா கோயில்பட்டி பக்கம்னு சொல்லிட்டு பேச்ச மாத்துவான். அந்த ஊர்லதான பாரதி பொறந்தாரு, அவன் நெஞ்ச நிமித்தி சொல்ல வேண்டிய ஊருல்லா. அப்பவும் பாளையக்காரங்களுக்குள்ள எல்லைத் தகராறு தலைமுறை தலைமுறையா இருந்துச்சு, பாஞ்சாலங்குறிச்சி ஆளுங்க எட்டயபுரத்து ஊர்ல புகுந்து எடுத்துட்டு போனதும் உண்டு, அவங்க பக்கத்து நியாயம்னு ஒண்ணு இருந்துச்சு. கும்பினிக்கு படை குடுத்ததுக்கு அது சமாதானம் ஆயிராதுங்கறதும் சரிதான். கூத்துல கெட்டவன் ஒருத்தன் வேணும், சினிமா அந்த கெட்டவன நெரந்தரமா ஆக்கிருச்சு, கூத்து விடிஞ்சா முடிஞ்சிரும், படம் முடியறதில்ல.

பந்துலுவப் பத்தி எங்க ஊர்க்காரங்க இன்னும் நிறைய பேசணும்னு எனக்கு ஆசை. கன்னடத்துலயும் பெரிய படங்க எடுத்தவரு. 1959-ல கட்டபொம்மன், 1961-ல கப்பலோட்டிய தமிழன், ரெண்டும் சிவாஜி. பாஞ்சாலங்குறிச்சிக்கும் வ.உ.சி. பொறந்த ஒட்டப்பிடாரத்துக்கும் நடுவுல சைக்கிள் மிதிச்சா கொஞ்ச நேரம்தான். எங்கயோ பொறந்த மனுசன் ரெண்டு வருசத்துக்குள்ள பக்கத்து பக்கத்து ஊர்க்காரங்க ரெண்டு பேர தமிழ்நாடு முழுக்க கொண்டு போய் சேத்தாரு, அந்த ரெண்டாவது படமும் தேசிய விருது வாங்கிச்சு. 1986-ல மாவட்டத்த பிரிச்சப்ப கூட இந்த ரெண்டு பேர் பேரத்தான் வச்சாங்க, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம்னு. பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் சிதம்பரனார் பக்கம் போயிருச்சு. 1997-ல ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க, எங்க ஊர் பஸ்ல எழுதியிருந்த கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமும் போச்சு. விஜயநாராயணத்துல கடற்படை நிலையத்துக்கு மட்டும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்னு பேர் நிக்கி.

சரி, கயத்தாறு.

படத்தோட கடைசி பகுதிய நான் எப்ப பாத்தாலும் அசையாம உக்காந்துருவேன். பானர்மேனா ஜாவர் சீதாராமன், எதிர்ல சங்கிலியோட சிவாஜி, மத்த பாளையக்காரங்க எல்லாம் சுத்தி நிக்காங்க. சங்கிலிய இழுத்துக்கிட்டு நடக்குற அந்த நடை, தூக்கு மரத்துக்கு போறப்ப ஏதோ பட்டாபிஷேகத்துக்கு போற மாதிரி போவாரு. இது சினிமாக்காரங்க சோடிச்சதுன்னு யாராவது சொன்னா அவங்களுக்கு நான் ஒண்ணு காட்டுவேன். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி தூக்குல போட்டாங்க, மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுறான், கால்டுவெல் ஐயர் தன்னோட திருநெல்வேலி சரித்திரத்துல அத அப்படியே எடுத்து போட்டிருக்காரு. விசாரணை நேரம் பூரா அந்த பாளையக்காரன் கொஞ்சமும் பயமில்லாம அலட்சியமா நின்னான், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போட பாத்தான், தூக்குக்கு போறப்ப உறுதியா வீறாப்பா நடந்தான், ரெண்டு பக்கமும் நின்ன பாளையக்காரங்கள ஏளனமா பாத்துக்கிட்டே போனான்னு எழுதியிருக்கான். தூக்குல போட்டவனே எழுதி வச்ச சாட்சி. சிவாஜி நடந்த நடை அந்த கடிதத்துக்கு உயிர் குடுத்த மாதிரியே இருக்கும், நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து மெய் சிலுத்து போயிருக்கேன். கயத்தாத்துல அந்த எடத்த சிவாஜி தன் சொந்த காசுல வாங்கி சிலை வச்சாரு. அதுக்கு முன்னாடி அந்த வழியா போறவங்க ஒரு கல்ல போட்டு கும்பிட்டுட்டு போவாங்க, குவியலா கெடக்கும்னு பெரியவங்க சொல்லுதாவ.

அதே கடிதத்துல இன்னும் ஒண்ணு இருக்கு. தூக்கு மரத்துக்கு போற வழியில அந்த மனுசன் ஒரே ஒருத்தர பத்தித்தான் கவலப்பட்டாராம், வாய் பேச முடியாத தம்பிய பத்தி மட்டும். மரத்தடிக்கு வந்ததும், கோட்டைய விட்டு வந்ததுக்கு வருத்தப்படுதேன், அங்கயே நின்னு செத்திருக்கலாம்னு சொன்னாராம்.

அந்த தம்பிதான் ஊமைத்துரை. படத்துல ஓ.ஏ.கே.தேவர் நடிச்சாரு, கம்பீரமாத்தான் இருப்பாரு, ஆனா படம் அண்ணனோட முடிஞ்சிருது. கரிசக்காட்டுல கத அங்கதான் தொடங்குது. ஊமைத்துரைய பாளையங்கோட்டையில ஜெயில்ல வச்சிருந்தாங்க, அந்த கோட்டையில மிச்சம் நிக்கற வாசல்தான் நாம மேடை போலீஸ் ஸ்டேஷன்னு சொல்லுறோமே அது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சாயங்காலம் வெள்ளக்கார அதிகாரிங்க எல்லாம் மெக்காலேங்கற மேஜர் வீட்டுல விருந்து சாப்டுட்டு இருக்கும்போது காவல உடைச்சு தப்பிச்சாரு. ராவோட ராவா பாஞ்சாலங்குறிச்சி. ஒரு வாரத்துல வெள்ளக்காரன் படையோட வந்து பாத்தா, தரைமட்டம் ஆக்குன கோட்டை திரும்ப நிக்குது, அதே மண்ணுல, ஊர் சனம் எல்லாம் சேந்து எழுப்பிட்டாங்க. மார்ச் 31-ல மோதி தோத்து ஓடுனாங்க. மே 24 வரைக்கும் அந்த மண் சுவத்த அவங்களால தாண்ட முடியல.

அந்த சண்டையில இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கற அதிகாரி பின்னாடி நினைவுக் குறிப்பு எழுதுனாரு. அதுல ஊமைத்துரைய பத்தி எழுதும்போது எதிரியோட எழுத்து மாதிரியே இருக்காது, அவ்வளவு மரியாத. சண்டைக்கு கட்டளை எப்படி குடுப்பாருன்னா, கொஞ்சம் வைக்கோல் துரும்ப எடுத்து உள்ளங்கையில வரிசையா அடுக்குவாராம், அது வெள்ளக்காரன் பட்டாளம். மத்த கையால ஒரே தள்ளா தள்ளி வாயால விர்ருன்னு ஒரு சத்தம் குடுப்பாராம். அவ்வளவுதான் கட்டளை, ஆளுங்க பாஞ்சிருவாங்க. சனங்க அவர சாமின்னுதான் சொல்லுவாங்களாம்.

கோட்டை விழுந்த அன்னிக்கு ஊமைத்துரை காயம் பட்டு பொணங்களோட பொணமா கெடக்காரு. பக்கத்து ஊர்ல இருந்து ஒரு ஆத்தா தன் மகன தேடி வர்றா. மகன் உயிரோட கெடக்கான், ஆத்தா அவன தூக்க போறப்ப, என்ன விடு, பக்கத்துல சாமி கெடக்காரு, அவர காப்பாத்துன்னு சொல்லுறான். அவ மத்த பொம்பளைங்களோட சேந்து ஊமைத்துரைய தூக்கிட்டு வீட்டுக்கு போறா. தேடி வந்த எட்டயபுரத்து ஆளுங்க சத்தம் கேட்டதும் துணிய போத்தி விட்டு ஒப்பாரி வச்சிட்டாங்க, அம்மை போட்டு செத்துட்டான்னு சொன்னதும் வந்தவங்க ஓடியே போயிட்டாங்க. இதையும் வெல்ஷ்தான் எழுதுறாரு, நம்ம ஆளுங்க பெருமைக்கு சேத்தது இல்ல. பெத்த மகன் கெடக்க ஊர் சாமிய தூக்கிட்டு போன அந்த பொம்பள பேர் கூட எதுலயும் இல்ல.

அதுக்கப்புறம் அவரு சிவகங்கை பக்கம் மருது சகோதரங்ககிட்ட போயி சேந்தாரு, அந்த கதைய சிவகங்கைச் சீமை படம் தொட்டுச்சு. அக்டோபர்ல மருதுமார திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க, நவம்பர் 16-ல ஊமைத்துரைய பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து தூக்குல போட்டாங்க.

இத யாராவது படமா எடுக்கணும்னு நான் பாக்குற சினிமாக்கார பசங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நெல்லையில இருந்து மெட்ராஸ் போன டைரக்டர் எத்தனை பேர் இருக்காங்க, உதவி டைரக்டர் எத்தனை பேர் இருக்காங்க. கட்டபொம்மன் படம் முழுக்க குரல், அந்த குரல சிவாஜிக்கு மேல இன்னொருத்தர் பேச முடியாது, பேசவும் வேண்டாம். இந்த படத்துல நாயகன் பேசவே மாட்டான். உள்ளங்கையில அஞ்சாறு துரும்பு, வாயில விர்ருன்னு ஒரு சத்தம், அது போதும் தியேட்டர எழுப்பி விட. இசைக்கு ஜமீன் கோடாங்கிபட்டி பக்கம் தேவராட்டத்துக்கு அடிக்கற தேவதுந்துபி இருக்கு. செட்டு வேண்டாம், ஜெய்ப்பூர் வேண்டாம், பங்குனி வெயில்ல வெடிச்சு கெடக்குற கரிசல்ல கேமராவ வைங்க, குறுக்குச்சாலையில இருந்து ஒட்டப்பிடாரம் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் எவ்வளவு வேணும்னாலும் கெடக்கு. கோட்டைய அந்த மண்ணுலயே, அந்த ஊர் ஆளுங்கள வச்சே கட்டுங்க. கதையில கெட்டவன் தேவைப்பட்டா கும்பினி போதும், எட்டயபுரத்தான விட்டுருங்க. அந்த ஆத்தாவுக்கு மட்டும் ஒரு நல்ல நடிகைய போடுங்க, எங்க பக்கம் பேசுற மாதிரியே பேச தெரிஞ்சவங்களா பாத்து.

அதுவரைக்கும் 2015-ல டிஜிட்டல்ல சுத்தம் பண்ணி வெளியிட்ட கட்டபொம்மன் பிரிண்ட் இருக்கு, கலர் நல்லா தெளிவா இருக்கு. வீட்டுல பிள்ளைங்கள வச்சிக்கிட்டு பாக்கறவங்க படம் முடிஞ்சதும் டிவிய அமத்திராம, தம்பி கதையையும் சொல்லிருங்க.